தடிமனோடு பறந்த மாப்பிள்ளை

வின்சன்ற் தன் முப்பது வயதுக்குள் செய்த ஒரே ஆடம்பரம், கொழும்பு இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானத்தில் வந்ததுதான். அதையும் தடிமன் பிடித்து மூக்கு ஒழுக ஒழுகச் செய்தான்.

வேறு வழி இருக்கவில்லை. சாம்பல் புதனுக்கு முன் மூன்றே மூன்று ஞாயிறுகள்தான் மிச்சம். மூன்றிலும் கோயிலில் கட்டப்போகிற இருவரின் பெயரையும் வாசித்தால்தான் கலியாணம். சாம்பல் புதனோடு தபசு காலம் பிறந்துவிட்டால் உயிர்த்த ஞாயிறு கழியும்வரை கலியாணத்துக்கு வாய் திறக்க முடியாது. பெயர் வாசிப்பதற்கு முதல் நாள் மாப்பிள்ளையும் பெண்ணும் சுவாமியார் முன்னால் நின்று செப மந்திரங்களை ஒப்புவித்து, அவர் கேட்பதற்கெல்லாம் தம் வாயால் மறுமொழி சொல்ல வேண்டும். கொழும்பிலோ, அவனுடைய பெரிய கிளாக்கர் லீவுக் கடுதாசியை மேசையில் வைத்து வெள்ளி பின்னேரம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் யோசித்து முடித்தபோது இரவு மெயில் வண்டி போய்விட்டது. சனி காலை விமானம் ஒன்றுதான் வழி.

விமானம் இறங்கத் தொடங்குமுன் ஒரு பெண் தட்டில் இனிப்புகளை நீட்டிக்கொண்டு வந்தாள். எல்லோரும் எடுத்து வாயில் போட்டார்கள். வின்சன்ற் இரண்டை எடுத்து, கட்டப்போகிற மாக்கிறேற்றுக்கு என்று சட்டைப் பையில் வைத்தான். அது விழுங்கி விழுங்கிக் காதைத் திறந்து வைப்பதற்கான இனிப்பு என்பது அவனுக்குத் தெரியாது. சற்று நேரத்தில் இரண்டு காதுக்குள்ளும் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல நொந்தது. பிறகு ஆணி இறக்கியது போல ஒரு குத்து. பிறகு ஒன்றுமே இல்லை. படியால் இறங்கும்போது, ‘பரவாயில்லை, எஞ்சினை உடனே நிற்பாட்டிவிட்டார்கள்’ என்று நினைத்தான். திரும்பிப் பார்த்தால் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பயம் பிடித்தது. காரணம், அவனுடைய பெரியப்பா யாக்கோப்பு முழுச் செவிடு. கலியாணப் பேச்சு எடுத்த நாளில் பெண்ணின் தாய் செபஸ்தியம்மா ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டிருந்தாள்: “அது உங்கட பரம்பரையில வாறதோ?” இல்லை என்று மூன்று தரமும் சத்தியம் செய்தது வின்சன்ற்தான். இப்போது போய்க் காது கேட்கவில்லை என்றால்? அன்றிரவே கலியாணம் கலைந்துவிடும். ஆகவே, திங்கள் திரும்பிப் போகும்வரை சமாளிப்பது என்று முடிவெடுத்தான். யாராவது வாயசைத்தால் ‘ஓம்’ என்று சொல்வது, சிரித்தால் சிரிப்பது. அலுவலகத்தில் எட்டு வருடமாக அவன் செய்துவந்ததும் ஏறக்குறைய அதுதான்.

நாரந்தனையில் பெண் வீட்டு வாசலில் செபஸ்தியம்மா கேட்டாள்:

“தம்பி, சோடாவோ, இளநீரோ?”

“ஓம்.”

இரண்டும் வந்தன. இரண்டையும் குடித்தான்.

“ஏன் முகம் வாடிக் கிடக்கு? வயித்துக்க ஏதும் செய்யுதோ?”

“ஓம்” என்று சொல்லிச் சிரித்தான்.

கசப்பாக ஒரு கசாயம் வந்தது. அதையும் குடித்தான். கதவுக்குப் பின்னால் நின்ற மாக்கிறேற் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தகப்பன் சில்வெஸ்ரர் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். நாலு முழம் தள்ளி நின்று பேசினாலும் தோணியில் நின்று கூப்பிடுவது போலத்தான் பேசுவார். அவர் குரல்கூட வின்சன்ற்றுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற முனகலாகத்தான் கேட்டது.

பின்னேரம் நாலு பேருமாகக் கோயிலோடு ஒட்டிய சுவாமியாரின் அறைவீட்டுக்குப் போனார்கள். பெரியவர்கள் வெளி வாங்கில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே போனார்கள். வின்சன்ற்றிடம் ஒரு திட்டம் இருந்தது. மந்திரம் கேட்கும் ஒழுங்கு எந்தப் பங்கிலும் ஒன்றுதான்: பரமண்டல மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம், பத்துக் கட்டளை. சுவாமியாரின் வாய் அசைந்து நிற்கும்போதெல்லாம் ஒன்றை எடுத்துவிட்டால் முடிந்தது. சுவாமியார் உண்மையில் என்ன கேட்டார் என்பதெல்லாம் பிறகு மாக்கிறேற் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

“என்ன மகன், பிளேன் பிரயாணம் சுகமோ?” என்றார் சுவாமியார்.

வின்சன்ற் கைகூப்பிப் பரமண்டல மந்திரத்தை உரத்துச் சொல்லி முடித்தான். சுவாமியார் திகைத்தார். ஆனாலும், செபத்தை இடையில் மறிக்க அவருக்கு மனம் வரவில்லை.

“நல்லது. எத்தினை நாள் லீவு?”

பிரியதத்த மந்திரம்.

“உம்மட பெரிய கிளாக்கர் லீவு தரக் கரைச்சல் குடுத்தவராம்?”

விசுவாச மந்திரம், முழுவதும். யேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய போஞ்சு பிலாத்துவின் பெயர் வந்த இடத்தில், இது கிளாக்கரைப் பற்றிய மறுமொழிதானோ என்று சுவாமியாருக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது.

பிறகு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெரிய புத்தகத்தை விரித்து, பேனையைத் திறந்தார். குரலும் மாறியது.

“வின்சன்ற், ஒருதற்ற வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதோடதானோ இந்தப் பிள்ளையைக் கட்டுறீர்?”

வின்சன்ற் பத்துக் கட்டளையைத் தொடங்கினான். “கொலை செய்யாதிருப்பாயாக” என்ற இடத்துக்கு வந்தபோது சுவாமியார் பேனையை மூடினார்.

“சில்வெஸ்ரர்! இஞ்ச வாரும். விருப்பமெண்டு இவற்ற வாயால வராமல் நான் பேர் எழுத ஏலாது. ஏதோ கட்டாயத்தில வந்தவர் போல கிடக்கு.”

இதை விளங்கிக்கொள்ள வின்சன்ற்றுக்குக் காது தேவைப்படவில்லை. புத்தகம் மூடிக் கிடந்தது. மாக்கிறேற்றின் கண் நிறைந்திருந்தது. தன்னை வேண்டாமென்று இந்த மனிசன் மந்திரத்துக்குள் ஒளிக்கிறான் என்று அவள் நினைப்பது முகத்தில் எழுதியிருந்தது. அடுத்ததாகச் சொல்ல வேண்டியது விபசாரத்தைப் பற்றிய ஆறாம் கட்டளை. அதைப் பெண்ணுக்கு முன்னால் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

“சுவாமி, எனக்குக் காது கேக்கேல்லை!” என்றான்.

தன் குரலின் அளவு அவனுக்குத் தெரியவில்லை. கோயில் கூரைப் புறாக்கள் கிளம்பிப் போயின.

“காலமையில இருந்து ஒண்டும் கேக்கேல்லை! பெரியப்பாவைப் போல எண்டு நினைப்பியளெண்டு மறைச்சனான்! இனிக் கேக்குமோ, கேக்காதோ எனக்குத் தெரியாது! மறைச்சுக் கட்ட எனக்கு விருப்பமில்லை!”

வாசலில் நின்ற செபஸ்தியம்மா நெஞ்சில் கை வைத்தாள். சில்வெஸ்ரர் உள்ளே வந்து, மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். சிவந்த மூக்கைப் பார்த்தார். தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, கையை மேலிருந்து சரித்துக் கீழே இறக்கி, புருவத்தை உயர்த்தினார். வின்சன்ற் தலையாட்டினான். சில்வெஸ்ரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சுவாமி, இது பரம்பரையுமில்லை, பேயுமில்லை. தடிமன் பிடிச்சவனை நாங்கள் சங்கு குளிக்க இறக்கமாட்டம், காது அடைச்சு நொந்துபோகும். இந்த மனிசன் தடிமனோட ஆகாயத்திலயிருந்து இறங்கியிருக்கிறார்!”

“சுகம் வருமோ?” என்று கேட்டாள் செபஸ்தியம்மா.

“மூக்கைப் பொத்தி ஊதித் துலைக்காமல் ஆவி பிடிச்சுக்கொண்டு இருந்தால் கிழமைக்குள்ள திறக்கும். எனக்கு ஒருக்கா ஒன்பது நாள் எடுத்தது. உன்ர பேச்சு ஒண்டும் கேக்கேல்லை. நல்ல ஒன்பது நாள்.”

“நூறு பேருக்கு முன்னால சொல்லுங்கோவன்” என்றாள் செபஸ்தியம்மா. பிறகு மருமகனாகப் போகிறவனைக் கீழ்க்கண்ணால் பார்த்தாள். “பாவம், அந்தக் கசாயத்தையும் குடிச்சது பிள்ளை.”

மாக்கிறேற் சுவாமியாரிடம் பேனையையும் ஒரு துண்டுக் கடுதாசியையும் கேட்டு வாங்கி, நின்ற நிலையிலேயே எழுதி நீட்டினாள். வின்சன்ற் வாசித்தான்.

‘காது திறக்குமாம். திறக்காவிட்டாலும் எனக்குச் சம்மதம். உங்களுக்கு?’

இரண்டாம் தரம் வாசிக்கும்போது எழுத்து கலங்கித் தெரிந்தது. தடிமன்தான் காரணம் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டான். மெதுவாக, அவளுக்கு மட்டும் சொல்லத்தான் நினைத்தான்.

“எனக்கும் சம்மதம்!”

வெளியே வீதியால் சைக்கிளில் போன யாரோ காலை ஊன்றித் திரும்பிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். சுவாமியார் புத்தகத்தைத் திறந்தார்.

மறுநாள் பூசையில் வின்சன்ற் ஆண்கள் பக்கம் சில்வெஸ்ரருக்கு அருகில் முழந்தாளில் நின்றான். பிரசங்கம் முடிந்து சுவாமியார் ஒரு கடுதாசியை விரித்தார். அவர் உதடுகள் அசைந்தன. சில்வெஸ்ரரின் முழங்கை விலாவில் ஒரு இடி இடித்தது: அது அவனுடைய பெயர். பெண்கள் பக்கம் மாக்கிறேற்றின் வெள்ளை முக்காடு சட்டென்று குனிந்தது. இரண்டாவது இடிக்கு முன்பே அவனுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் சில்வெஸ்ரர் இடித்தார், கொஞ்சம் பலமாகவே.