பூட்டில்லாத இரும்புக் கை

1982ஆம் வருடம் ஆடி மாதத்தில் கான்ட்ராக்டர் நாகப்பன், ஒரகடம் கூட்டுரோட்டில் இருந்த தணிகாசலத்தின் வெல்டிங் பட்டறைக்கு வந்து, தன் டிராக்டருக்கு ஒரு கை செய்து தரச் சொன்னார்.

வல்லத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்காக நாற்பது ஏக்கர் நிலத்தைச் சுத்தம் செய்யும் வேலையை அவர் எடுத்திருந்தார். நிலம் முழுக்கப் பனை. மரங்களைச் சாய்த்தாகிவிட்டது, சாய்த்ததை லாரியில் ஏற்றத்தான் முடியவில்லை. டிராக்டரின் முன்னால் இருந்த மண் அள்ளும் தொட்டியில் பனைத்துண்டு நிற்காமல் உருண்டது. எட்டுப் பேர் தோள் கொடுத்தும் நாளைக்கு இரண்டு லோடு தேறவில்லை.

“நண்டு கவ்வுற மாதிரி கப்புனு கவ்வணும்பா. ஐப்பசில மழ எறங்கிட்டா ஏரித் தண்ணி வந்து நின்னுக்கும், லாரி உள்ள போவாது” என்றார் நாகப்பன்.

தணிகாசலம் அதற்கு முன் பதினொரு வருடம் சென்னை பாடியில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின்களைப் பழுது பார்த்தவன். எண்ணெய் அழுத்தம் என்ன செய்யும் என்பது அவனுக்குத் தெரியும். தொட்டியைக் கழற்றிவிட்டு, லாரியின் பட்டை வில்லுகளை வளைத்துக் கீழே நான்கு விரல் வைக்க முடிவு செய்தான். மேலே இரண்டு வளைந்த கொக்கிகள். அவற்றைத் திறந்து மூட ஒரு சிலிண்டர்.

சிலிண்டரை எந்த இடத்தில் பொருத்துவது என்பதற்கே ஒரு வாரம் ஆயிற்று. கீலுக்குப் பக்கத்தில் வைத்தால் கொக்கி நன்றாகத் திறந்தது, ஆனால் பிடியில் பலமில்லை. தள்ளி வைத்தால் பலம் வந்தது, வாய் திறக்கவில்லை. பிளைவுட்டில் கொக்கியின் அச்சை வெட்டி, ஆணியால் கீல் அடித்து, பட்டறைத் தரையில் வைத்துத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அந்த இடம் கிடைத்தபோது எழுந்து நின்று தனியாகச் சிரித்தான். அவன் மனைவி காந்திமதி சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

சிலிண்டர் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான். சிலிண்டரின் வாயிலேயே பொருத்துகிற ஒரு சின்ன வால்வு. எண்ணெய் வரும் ரப்பர் குழாய் வெடித்தாலும் அது உள்ளே இருக்கும் எண்ணெயைப் பூட்டி வைத்துக்கொள்ளும். கொக்கி பிடியை விடாது. கிண்டியில் ஒரு கடைக்காரர், வரவழைத்துத் தர ஒரு மாதம் ஆகும் என்றார்.

“அது இல்லாம குடுக்கக் கூடாது” என்றான் தணிகாசலம்.

“ஒரு மாசமா? என்னத் தொரத்திடுவான் கம்பெனிக்காரன்” என்றார் நாகப்பன்.

அதனால் தணிகாசலம் ஒரு ஏற்பாடு செய்தான். கொக்கியின் நுனியில் ஒரு சங்கிலியைப் பற்றவைத்தான். மரத்தைக் கவ்வியதும் ஓர் ஆள் அந்தச் சங்கிலியைக் கீழ் விரலில் மாட்ட வேண்டும். லாரியின் மேல் மரத்தை இறக்கிய பிறகு ஏறிக் கழற்ற வேண்டும். வால்வு வரும்வரை சங்கிலி மாட்டாமல் தூக்கக் கூடாது என்று டிராக்டர் டிரைவர் கோதண்டத்திடம் மூன்று தடவை சொன்னான். கோதண்டம் அவனோடு பள்ளியில் படித்தவன்.

முதல் நாள் வேடிக்கை பார்க்க நிலத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அரை டன் பனைத்துண்டைக் கொக்கி கவ்வித் தூக்கியபோது கோதண்டம் ஸீட்டில் எழுந்து நின்று விசில் அடித்தான். அன்று மாலையே தூக்குகிற எட்டுப் பேரில் ஆறு பேரை நாகப்பன் வேலையை விட்டு நிறுத்தினார். மிச்சம் வைத்த இருவரில் ஒருவன் அப்பாவு. சங்கிலி மாட்டுவதும், லாரிக்குப் பக்கத்தில் நின்று கழியால் மரத்தை நேர்படுத்துவதும் அவன் வேலை. அவன் மனைவி பாப்பம்மாள் அதே நிலத்தில் பனையோலை பொறுக்கிக் கட்டினாள்.

பதினைந்து நாள் கழித்துத் தணிகாசலம் பார்க்கப் போனபோது சங்கிலி மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கி மரத்தைக் கவ்வி ஆள் உயரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

“நிறுத்துடா! சங்கிலி இன்னா ஆச்சு?”

கோதண்டம் இன்ஜினை அணைத்தான். “அத மாட்டிக் கழட்டறதுக்குள்ள பாதி நாளு பூடுது. நாகப்பண்ணன் வாணாம்ட்டாரு. நீயே போய் அவராண்ட கேளு.”

கேட்டான். நாகப்பன் டீ வரவழைத்துக் கொடுத்தார்.

“வால்வு எப்ப வருது?”

“இன்னும் பத்து நாளு.”

“பத்து நாளுதான? இத்தினி நாளு ஒண்ணும் ஆவல. பத்து நாள்ல இன்னா ஆயிடப் போவுது?”

அந்தக் கையை டிராக்டரோடு பிணைத்திருந்தவை இரண்டு பின்கள். சைக்கிள் பையில் ஸ்பேனர் இருந்தது. கால் மணி நேரத்தில் கழற்றிக் கீழே போட்டிருக்கலாம். தணிகாசலம் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

நான்காவது நாள் முற்பகலில் பட்டறைக்கு ஆள் ஓடி வந்தது. தணிகாசலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது லாரியும் இல்லை, அப்பாவுவும் இல்லை. மண்ணில் எண்ணெய் பரவிக் கிடந்தது. கொக்கியின் ஓரத்தில் உரசி உரசி ரப்பர் குழாய் வெடித்திருந்தது. மரத்தை லாரியின் மேல் சாய்க்கிற நேரத்தில் கொக்கி பிடியை விட, துண்டு லாரியின் விளிம்பில் மோதி வெளிப்பக்கம் விழுந்திருக்கிறது. அங்கேதான் அப்பாவு கழியோடு நின்றிருந்தான். அதே லாரியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், சிங்கப்பெருமாள்கோயிலைத் தாண்டுவதற்குள் அவன் உயிர் போய்விட்டது.

போலீஸ் கோதண்டத்தைப் பிடித்துக்கொண்டு போயிற்று. அவன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று நாகப்பன் எழுதிக் கொடுத்தார். மறுநாள் பட்டறைக்கும் வந்தார்.

“நீ ஒண்ணும் சொல்ல வாணாம். மெஷின்ல ஒரு கொறையும் இல்ல. அவன் லிவர மாத்தி இழுத்துட்டான், அவ்ளோதான். மறைமலை நகர்ல இன்னும் ரெண்டு எடம் பேசிகினு கீறேன். ரெண்டுக்கும் உன் கைதான்.”

தணிகாசலம் வேலைக்குத் திரும்பினான். கேஸ் முடியட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காந்திமதியும் அதையேதான் சொன்னாள். பதினைந்து நாள் அப்படியே போயிற்று.

காரியம் முடிந்த மறுநாள் பாப்பம்மாள் பட்டறை வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை.

“அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அது புடிய வுடும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

அவன் கையிலிருந்த வெல்டிங் கண்ணாடியைக் கீழே வைத்தான்.

“தெரியும்மா.”

அவள் அழவில்லை, திட்டவில்லை. திரும்பி நடந்தாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

“உள்ள போட்டுடுவாங்க” என்றாள் காந்திமதி.

“கோதண்டம் உள்ளதான கீறான்.”

ஸ்டேஷனில் எல்லாவற்றையும் சொன்னான். வால்வு இல்லாமல் கொடுத்தது தான் என்றும், சங்கிலி வேண்டாம் என்றது நாகப்பன் என்றும், அதைப் பார்த்த பிறகும் தான் கழற்றாமல் வந்ததையும் சொன்னான். எழுதிய ஏட்டு இரண்டு தடவை பேனாவை நிறுத்தி, “யோவ், யோசிச்சுதான் சொல்றியா?” என்று கேட்டார். அடுத்த வாரம் கோதண்டத்தை விட்டார்கள். கேஸ் தணிகாசலத்தின் மேல் திரும்பியது; ஜாமீன் கிடைத்தது.

கேஸ் விசாரணைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. கோதண்டம் சாட்சியாக வந்தான். நாகப்பன் வாங்கிய புது டிராக்டரை அப்போது அவன்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். சங்கிலி மாட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தானா என்று தணிகாசலத்தின் வக்கீல் கேட்டார்.

“அப்பிடி ஒண்ணும் சொல்லலீங்க. சங்கிலியே இல்லீங்க அதுல.”

அதைச் சொல்லும்போது அவன் நீதிபதியின் மேஜைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். தனக்குக் கோபம் வரும் என்று தணிகாசலம் நினைத்திருந்தான், வரவில்லை. கொக்கியை நாகப்பன் எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆறு மாதம் என்று தீர்ப்பானது. நாகப்பன் மேல் எதுவும் நிற்கவில்லை.

வெளி வராந்தாவில் போலீஸ்காரர் அவனை நடத்திக்கொண்டு போகும்போது பாப்பம்மாள் குறுக்கே வந்தாள். அந்த நிலத்தில் எழும்பிய தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குப் போகிறவள். அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“சங்கிலி இருந்திச்சு. மாட்டி மாட்டிக் கையெல்லாம் காப்பு காச்சிப் போச்சுன்னு அவரு என்னாண்ட காட்டினாரு. அத நான் சொல்றேன்னு கவர்மெண்டு வக்கீலாண்ட சொன்னேன். என்னக் கூப்புடவே இல்ல.”

தணிகாசலம் தலையை ஆட்டினான்.

“நீ கழட்டிகினு போயிருக்கலாம்” என்றாள் அவள், அதே குரலில்.

“ஆமாம்மா” என்றான்.

போலீஸ்காரர் அவன் முழங்கையைத் தொட்டார். இருவரும் படியிறங்கினார்கள்.