நாக்குச் சோதனை

வேக்குவம் டப்பா பழுதானால் வண்டி நிற்காது. அதுதான் ஆபத்தே. எஞ்சினில் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் விலாவில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன டப்பாவுக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். அது கிழிந்தால் தீப்பொறி பிந்தும். வண்டி ஓடும், ஆனால் பெட்ரோலை மடக்மடக்கென்று குடிக்கும். நாரின் என்ற எங்கள் மலையூரின் பட்டறையில் இதைச் சோதிக்கக் கருவி கிடையாது. டப்பாவின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கு நுனியால் அடைப்போம். குழாய் நாக்கை இழுத்துப் பிடித்தால் சவ்வு நன்றாயிருக்கிறது. பிடி நழுவினால் கிழிந்திருக்கிறது.

போன குளிர்காலத்தில் டாக்ஸி ஓட்டும் டொக்தோசுன் அண்ணன் தன் வோல்கா காரைக் கொண்டுவந்தார். அவர் நாக்கடியில் எப்போதும் நஸ் இருக்கும், அந்தப் பச்சைப் புகையிலைத் தூள். குழாயை முதலில் அவரே உறிஞ்சிவிட்டு, எச்சில் வழிய என்னிடம் நீட்டினார்.

"எனக்கு ஒண்ணும் புரியல. நீ பாரு ரிஸ்குல்."

அதை வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. துடைத்து அப்படியே மாட்டிவிட்டு, "நல்லாப் பிடிக்குது அண்ணே" என்றேன்.

மலை தாண்டிப் போய்வர அளந்து பெட்ரோல் போட்டிருந்தார். டோலோன் கணவாயின் உச்சியில் அது தீர்ந்தது. பனிப்புயல் அடங்கிப் போய்ப் பார்த்தபோது சீட்டில் உட்கார்ந்தபடியே விறைத்திருந்தார்.

நாற்பதாம் நாள் விருந்தில் அவர் மனைவி சாய்கல், டப்பாவைச் சோதித்தாயா என்று என்னிடம் கேட்டார். நான் ரொட்டியைத் தொட்டேன். "சோதிச்சுப் பாத்தேன் அண்ணி. பொய்னா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்." எங்களுக்கு அதற்கு மேல் சத்தியம் கிடையாது.

இந்த வருடம் முதல் பனி விழுந்த வாரம், மதியத்தில், சாய்கல் அண்ணி அதே வோல்காவோடு பட்டறைக்கு வந்தார். கையில் துணியில் சுற்றிய ரொட்டி.

"நாளைக்கு நுர்தின் இதுல கணவாயைத் தாண்டுறான். டப்பாவை மாத்திரு." நுர்தின் அவருடைய ஒரே மகன்.

புது டப்பா மூன்று இருந்தது. ஒன்றைப் பிரித்து உறிஞ்சினேன். நழுவியது. வாயெல்லாம் நஸ் காரம். இரண்டாவதும் நழுவியது, அதிலும் நஸ், இளஞ்சூடாக.

அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது செய்தாக வேண்டுமே என்று பழைய டப்பாவைக் கழற்றிக் குழாயில் ஊதினேன். காற்று மறுபக்கம் வந்தது. அப்பட்டமான கிழிசல். பிறகு உறிஞ்சினேன்.

நாக்கைப் பிடித்துக்கொண்டது.

இழுத்தேன், வரவில்லை. குழாய்க்குள் யாரோ நிதானமாக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே விடவே இல்லை. என் கண்ணில் நீர் வழிந்தது.

"அன்னிக்கு இதை வாயில வெச்சியா?" அண்ணி அருகில் வந்து கேட்டார்.

பேச முடியவில்லை. ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததுமே பிடி இறுகியது, வாயில் ரத்தம் கசிந்தது. இல்லை என்று தலையசைத்தேன். குழாய் விட்டுவிட்டது.

"தெரியும்" என்றார் அண்ணி. "அன்னிக்கே வீட்டுல சொல்லிச் சிரிச்சாரு. 'என் எச்சிலைத் துடைச்சுப் போட்டான், வாயிலயே வெக்கல. ஆனா ரிஸ்குல் நல்லாருக்குன்னா நல்லாத்தான் இருக்கும்'னு சொல்லிட்டுத்தான் கிளம்பினாரு."

"அப்புறம் ஏன் அண்ணி விருந்துல கேட்டீங்க?"

"உண்மை உன் வாயால வரட்டும்னு."

மூன்றாவது டப்பாவை உறிஞ்சினேன். பிடித்தது. நஸ் இல்லை, வெறும் ரப்பர் வாசனை. அதை மாட்டி முடிக்கும்வரை அவர் நகரவில்லை.

"நாளைக்கு நீயும் நுர்தின் பக்கத்துல உக்காந்து போற" என்றார்.

"சரி அண்ணி."

ரொட்டியைப் பிட்டு நீட்டினார். வாங்கி வாயில் போட்டேன். நாக்கடியில் நஸ் சுள்ளென்று எரிந்தது.