அக்காவின் முதுகில் ஒன்றுமில்லை

1

“ஸ்கேன் படத்துல ஒண்ணுமே இல்லையாம்டி.”

“நல்லதுதானேக்கா?”

“அப்ப வலி எங்கேருந்து வருது?”

இந்தக் கதை இந்தப் பேச்சில்தான் பிறந்தது. அக்காவுக்கு ஆறு வருடமாக இடுப்புவலி. அவள் மகளுக்குப் பதினேழு வயது, பிறந்ததிலிருந்து நடந்ததில்லை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு என்று ஒரு நாளைக்குப் பதினோரு முறை அக்கா அவளைத் தூக்குகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியது நான், கதைக்காக.

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் வெண்ணிறக் குகைக்குள் அவள் தன்னந்தனியாக...’

அந்த வரியைப் பாதியிலேயே அடித்துவிட்டேன். அக்கா சொன்னது வேறு. “சத்தம்தான் ஜாஸ்தி. அரைமணி நேரம் யாரும் கூப்பிடல. தூங்கிட்டேன்.”

3

அக்காவின் கணவரை, அதாவது அத்தானை, எப்படி எழுதுவது?

அக்காவுக்குப் படம் எடுத்தது இடுப்புவலி பற்றிய ஓர் ஆராய்ச்சிக்காக. அதில் ஒப்பிட்டுப் பார்க்க வலியில்லாதவர்களும் தேவைப்பட்டார்கள். அத்தான் விளையாட்டாகப் பெயர் கொடுத்தார். அவர் படத்தில் முதுகெலும்புகளுக்கு நடுவே ஒரு டிஸ்க் பிதுங்கியிருந்தது.

“வலி இல்லாத நிறைய பேருக்கு இப்படி இருக்கும், பயப்படாதீங்க” என்றார் டாக்டர். அக்காவிடம், “படத்துல தெரியலைங்கறதால உங்க வலி பொய்யில்லம்மா” என்றார்.

அன்றிலிருந்து அத்தான் கீழே விழுந்த தலையணையைக்கூடக் குனிந்து எடுப்பதில்லை. “எனக்குத்தான் பிதுங்கியிருக்கே. உனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு.”

(கெட்டவர் இல்லை. தினமும் மகளுக்குத் தலை வாரிவிடுகிறவர். பயந்துவிட்டார். என் நாவல்களில் இப்படிப்பட்ட கணவர்கள் கடைசி அத்தியாயத்தில் திருந்திவிடுவார்கள்.)

4

முடிவு ஒன்று: அத்தான் மகளைத் தூக்குகிறார். அக்கா கண் கலங்க...

முடிவு இரண்டு: புதிய படத்தில் காரணம் தெரிந்துவிடுகிறது. எல்லோரும் அக்காவை நம்புகிறார்கள்.

இரண்டையும் போனில் படித்துக் காட்டினேன். நாற்காலியின் சக்கரச் சத்தம் மறுமுனையில் நின்றது.

“நல்லாத்தான் இருக்கு. ரெண்டுலயும் நீ எங்கடி?”

“நான் எழுதறவதானேக்கா.”

அடுத்து அவள் சொன்னதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். மேலே எழுதினால் என் பதிலையும் எழுத வேண்டும். அது என்னவாக இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

“படத்துல ஏதாவது தெரிஞ்சா, அதைக் காட்டி உங்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன். ஒண்ணும் தெரியல. சும்மாவே கேக்கறேன். ஒரு மாசம் அவளை உன் வீட்டுல வச்சுக்கறியாடி?”