கீரைக்கு நீந்தத் தெரியும்

தீபாவளி கழிந்து பத்து நாளாகியும் மழை விடவில்லை.

மலேசியாவில் நிபோங் திபாலுக்குப் பக்கத்தில், ஆற்றோரமாகத் தயாளனுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். மூன்று வருடத்தில் இரண்டு வெள்ளம் பார்த்தவன். அதனால் இந்த முறை பாதிப் பயிரை மிதக்க விட்டிருந்தான். மீன்கடைக்காரர்கள் வீசும் வெள்ளை நுரைப் பெட்டிகளில் மண் நிரப்பிக் கீரை விதைத்து, ஒவ்வொன்றையும் ஒரு கம்பத்தில் கட்டியிருந்தான். தண்ணீர் ஏறினால் பெட்டியும் ஏறும். மீதிப் பாதியில் மிளகாய், தரையிலேயே. அதைக் காக்க நிலம் முழுவதையும் சுற்றி இடுப்புயரத்துக்கு மண்கரை போட்டிருந்தான். தை மாதம் வரை வீடு அந்த மிளகாயைத்தான் நம்பியிருந்தது.

பக்கத்து நிலத்தில் சித்தி ஆயிஷா என்ற மலாய்ப் பெண் தனியாக ஆடு வளர்த்தாள். அவள் பக்கத்து மழைநீர் தயாளன் நிலம் வழியாகத்தான் வாய்க்காலுக்கு வடியும். கரை வந்தபின் அது அங்கேயே தேங்கியது. போன மாதமே வந்து சொன்னாள். தீபாவளி முடியட்டும், கரைக்கடியில் குழாய் பதித்துத் தருகிறேன் என்றான் தயாளன். பதிக்கவில்லை.

அன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு அவள் கரைக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். தண்ணீர் ஆட்டுக் கொட்டகையின் பலகையைத் தொட்டுவிட்டது. உள்ளே பிறந்து மூன்று நாளான குட்டிகள். சாலையும் முழுகிவிட்டதால் ஓட்டிப்போக இடமில்லை. நாலு மணிக்குக் கடல் பொங்கி ஏறும். ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்குள் திரும்பி வரும்; அதன்பின் எதுவும் வடியாது.

"உன் கீரைக்கு நீந்தத் தெரியும், தயாளா," என்றாள் மலாயில், குரலை உயர்த்தாமல். "என் குட்டிங்களுக்குத் தெரியாது."

தயாளன் மிளகாய் வரிசைகளைப் பார்த்தான். அடுத்த வாரம் முதல் பறிப்பு.

"கரைய வெட்டிவிடுங்க," என்றாள் மனைவி காமினி.

"மிளகா அத்தனையும் போயிடும்லா."

"போகட்டுங்க. நம்ம கரை அந்தக்கா வீட்டுல தண்ணி ஏத்துது. இத காப்பாத்துன்னு சாமிகிட்ட எந்த வாயால கேக்கறது?"

அவன் மண்வெட்டியை எடுத்தான். இரண்டடி போனதும் நின்றுவிட்டான். கயிறுகள். போன வாரக் காற்றில் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று எல்லாவற்றையும் ஒரு சாண் விட்டு இறுக்கிக் கட்டியிருந்தான். இப்போது கரையை வெட்டினால் பெட்டிகள் ஏற முடியாமல் கட்டிய இடத்திலேயே முழுகும். கீரையும் போய்விடும்.

நைலான் முடிச்சு நனைந்து கல்லாகியிருந்தது. காமினிக்கு நகம் பிய்ந்தது. அறுத்துவிடலாம் என்றால் நீட்டிக் கட்ட வேறு கயிறில்லை. நாற்பது பெட்டிகளில் மூன்றைக்கூட அவிழ்க்கவில்லை.

சித்தி ஆயிஷா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பிப் போனாள். கோபித்துக்கொண்டாள் என்றே தயாளன் நினைத்தான். பத்து நிமிடத்தில், தோளில் ஆட்டுக் கயிறுகளும் கையில் பாராங்கத்தியுமாகக் கரை ஏறி இறங்கினாள். ஆடுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டு வந்திருந்தாள். வீட்டில் துணி காயவைக்கும் கொடியையும் விடவில்லை. முதல் கயிற்றை அறுத்தாள். காமினி நீட்டிக் கட்டினாள். கொட்டகையில் ஆடுகள் கத்தின. சித்தி ஆயிஷா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தயாளனுக்குத்தான் ஒவ்வொரு கத்தலும் முதுகில் விழுந்தது.

முப்பத்து மூன்று பெட்டி முடிந்தபோது மணி மூன்றரை. ஏழு பாக்கி.

"இன்னும் ஏழுதான்," என்றாள் சித்தி ஆயிஷா.

"போதும், அக்கா." அவன் மண்வெட்டியை ஓங்கினான்.

நாலாவது வெட்டில் கரை வாய் பிளந்தது. பழுப்புத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. ஏழு பெட்டிகள் சத்தமில்லாமல் முழுகின. மற்றவை குலுங்கி, கயிற்றை இழுத்து, ஏறி நின்றன. அந்தப் பக்கம் கொட்டகைப் பலகை தண்ணீருக்கு மேல் ஒரு விரல் தெரிந்தது. பிறகு ஒரு சாண். கத்தல் அடங்கியது.

மிளகாய்ச் செடிகள் வரிசை வரிசையாகத் தண்ணீருக்குள் போயின. தயாளன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். போய் ஆடுகளைப் பாருங்கள் என்று காமினி அவளிடம் சொன்னாள்.

சித்தி ஆயிஷா போகவில்லை. தலையை மூடியிருந்த துடோங்கின் நுனியைக் கழுத்துக்குப் பின்னால் முடிந்துகொண்டாள். முதல் வரிசையில் குனிந்து, தோள் வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவி, ஒரு கைப்பிடி பச்சை மிளகாயோடு நிமிர்ந்தாள். அதைத் தன் சட்டை மடியில் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள். காமினி அடுத்த வரிசையில் இறங்கினாள்.

தயாளனும் இறங்கினான்.