மூன்றாவது பலகை

"யாரு சார் உக்காரப் போறாங்க?" என்று கேட்டார் மெக்கானிக். கேட்டபடியே என் காரின் இடப்பக்க முன்கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கழுத்தில் மாலை போல அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் அவரை அளவுக்காரர் என்றுதான் சொல்வார்கள்.

"என் வீட்டுக்காரி. பக்கவாதம் வந்து ஏழு மாசம் ஆச்சு. இடது கை, இடது கால் ரெண்டும் சரியா வரல. ஏற இறங்க வசதியா சீட்ட மாத்தணும்."

"அவங்க வரலையா?"

"வர முடிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வர்றேன்?"

அவர் சிரிக்கவில்லை. "அவங்கள பாக்காம நான் என்னத்த சொல்றது? கூட்டிட்டு வாங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்டிருந்த வேறொரு வண்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என் சட்டைப் பையில், பெரிய கார் கடை ஒன்றில் தந்த இரண்டு பக்க மதிப்பீடு மடித்து இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் சுழலும் இருக்கை, அதைத் தாங்கத் தரையில் இரும்புச் சட்டம், அதற்கு ஒரு மோட்டார், மோட்டாருக்குத் தனி ஒயரிங். கூட்டிப் பார்த்தால் என்னுடைய பதினோரு மாதச் சம்பளம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவனுக்கு அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கடைக்காரர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "பத்தொம்பது வருஷ வண்டி சார் இது. வித்தா இதுல நாலுல ஒரு பங்குகூட வராது. யோசிச்சுக்கோங்க" என்றார். யோசிக்காமலா இருப்பேன். ஆனால் அவர்கூட யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே பதில் சொல்லியிருப்பேன்.

என் மனைவி இருபத்துநாலு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். நெரிசலில் ஒரு கையில் டிக்கெட், மறு கையில் சில்லறை, இடுப்பைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு வளைவுகளில் நின்றவள். அப்படிப்பட்டவளை வாரம் இரண்டு தடவை கை கால் பயிற்சிக்குக் கூட்டிப்போக, நானும் மாடி வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக் காரில் திணிப்போம். தலை இடிக்காமல் பார்த்துக்கொண்டால் கால் மாட்டிக்கொள்ளும். காலைப் பார்த்தால் புடவை கதவில் சிக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று யோசனை சொல்வார்கள். ஒருநாள் அவள், "இனிமே நான் வரல. மூட்ட மாதிரி என்னைத் தூக்க வேணாம்" என்று சொல்லிவிட்டாள். ஐந்து வாரமாகப் போகவில்லை. அடுத்த ஆறு மாதத்தை விட்டால் கால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சீட்டு விஷயத்தையும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கொண்டுபோய் நிறுத்தி அசத்திவிடலாம் என்று நினைப்பு.

அன்று சாயங்காலம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். மதிப்பீட்டைப் பிரித்து நீட்டினேன். இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள்.

"எனக்குச் செருப்பு வாங்கினாக்கூட என் கால் அளவக் கேப்பீங்க."

"இல்லம்மா, உனக்குத் தெரியாம..."

"எனக்குத் தெரியாம எனக்கு சீட்டு." வாய் ஒரு பக்கம் கோணினாலும் அந்தக் குரலில் பழைய கூர்மை இருந்தது. "அந்த மெக்கானிக் என்ன கேட்டாரு?"

"உன்னைப் பாக்கணுமாம்."

மதிப்பீட்டை மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள். "இந்த ஏழு மாசத்துல என்னைப் பாக்கணும்னு கேட்ட மொத ஆளு. போலாம். ஆனா கடைசியா ஒரு தடவ, அந்த மூட்ட வேலைய நீங்க செஞ்சுதான் ஆகணும்."

மறுநாள் காலையில் நானும் மாடி வீட்டுக்காரரும் அவளை அளவுக்காரரின் ஷெட்டில் இறக்கினோம். அவர் எங்கள் இழுபறியை ஓரமாக நின்று முழுதும் பார்த்தார். உதவிக்கு வரவில்லை. இதென்ன மனுஷன் என்று தோன்றியது. பிறகு ஒரு குட்டை முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க அக்கா" என்றார். உட்கார்த்தினேன்.

"நீங்களா எந்திரிங்க பாப்போம்."

முயன்றாள். முடியவில்லை. நான் கை நீட்டினேன். "சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார். முக்காலியின் மேல் ஒரு பலகையை வைத்து மறுபடி உட்காரச் சொன்னார். பக்கத்தில் ஒரு இரும்புக் குழாயைத் தூண் போல நட்டுப் பிடித்துக்கொண்டார். அவள் வலது கையால் அதைப் பற்றி எம்பினாள். பாதி எழுந்து தொப்பென்று விழுந்தாள். இரண்டாவது பலகை. இந்த முறை முக்கால்வாசி. நெற்றியில் வியர்வை பொடித்தது.

"கம்பிய இன்னும் முன்னாடி தள்ளிப் பிடிங்க" என்றாள் அவள். "முட்டிக்கு நேரா. பஸ்ல அப்பிடித்தான் இருக்கும்."

"பஸ்ல வேலையா அக்கா?"

"இருவத்திநாலு வருஷம். நிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே."

முதல் முறையாக அவர் சிரித்தார். குழாயை நகர்த்தினார். மூன்றாவது பலகையை வைத்தார். அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். கம்பியைப் பற்றிய கையில் நரம்பு புடைத்தது. எழுந்தாள். எழுந்து நின்றாள். யாரும் அவளைத் தொடவில்லை. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன். அதை எப்போது கட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அளவுக்காரர் அவசரப்படாமல் கழுத்து நாடாவை உருவி, தரையிலிருந்து பலகை வரை அளந்து, சுவரில் சாக்கட்டியால் எழுதினார்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும்தான் பேசினார்கள். கூரையில் இருக்கும் பிடி உதவாது, அதில் தொங்கத்தான் முடியும், எழ முடியாது என்றாள் அவள். கதவுத் தூணை ஒட்டி நெட்டுக்குத்தாக ஒரு கம்பி, வியர்த்தால் வழுக்காமல் மேலே ரப்பர், மூன்று பலகை உயரத்துக்கு இருக்கை, இன்னும் அகலமாகத் திறக்கும் கதவு. சுழல வேண்டியதில்லை. மோட்டார் வேண்டியதில்லை. அவர் ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து அதன் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. காரில் வெகுநாளாகக் கெட்டுக்கிடந்த ஏசியையும் சரிசெய்து, கீறல்களுக்குப் பெயின்ட் அடிக்கவும் சொன்னேன். அதோடு சேர்த்து ஒன்றரை மாதச் சம்பளம்.

மூன்றாம் நாள் கடையில் லென்ஸைச் சக்கரத்தில் வைத்திருக்கும்போது போன் வந்தது. "சார், ஒரு சங்கதி. போன்ல சொன்னா புரியாது. அக்காவையும் கூட்டிட்டு வாங்க." அவள் சொன்ன 'கடைசித் தடவை' பலிக்கவில்லை; மறுபடி தூக்கி ஏற்றித்தான் ஆட்டோவில் போனோம். காரின் மிதியடியைத் தூக்கிக் காட்டினார். அடித்தகடு துரு பூத்துச் செம்பட்டையாகக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அப்பளம் போலப் பொத்துக்கொண்டு உள்ளே போனது. ஓட்டை வழியாக ஷெட்டின் தரை தெரிந்தது.

"இது மேல கம்பிய நிறுத்தினா, அக்கா பிடிச்ச அன்னிக்கே தகடு கம்பியோட வந்துரும். மூடி வச்சு போல்ட் போட்டிருந்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது. புதுத் தகடு வச்சு வெல்டிங் பண்ணணும்" என்றவர், செலவையும் சொன்னார். மொத்தம் இரண்டரை மாதச் சம்பளத்துக்கு வந்து நின்றது.

மனைவி அந்த ஓட்டையையே பார்த்தாள். "இத்தன வருஷம் இது மேலதான் உக்காந்து போனோமா? அடி ஆத்தி." பிறகு அட்டையை வாங்கினாள். "ஏசி வேணாம். ஜன்னல எதுக்கு வச்சிருக்கான்? பெயின்ட்டும் வேணாம். கீறல் இருந்தாதான் எங்க வண்டின்னு தெரியும். மிச்சத்தப் பண்ணுங்க." அளவுக்காரர் இரண்டு வரிகளையும் அடித்தார். மீதியில் அவர் ஒரு பைசா குறைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தெரியாமல் மூடியிருக்கக்கூடிய ஒன்றை எங்களைக் கூப்பிட்டுக் குத்திக் காட்டிய மனுஷனிடம் எந்த வாயால் பேரம் பேசுவது?

அடுத்த வாரம் வண்டி வந்தது. திங்கட்கிழமை பயிற்சிக்குப் புறப்பட்டோம். மாடி வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் இறங்கி வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். "வேணாம்ணே, ரொம்ப தேங்க்ஸ்" என்றாள் அவள். அவர் வாசற்கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கதவைத் திறந்தேன். இதுவரை போகாத தூரத்துக்கு அது விரிந்து தெருவில் பாதியை அடைத்தது. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்றார். அவள் இருக்கைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு வலது கையால் கம்பியைப் பிடித்தாள். அப்போதுதான் மழை பிடித்தது. முதலில் காரின் கூரையில் நாலைந்து சொட்டு, அப்புறம் சடசடவென்று. பின் சீட்டில் குடை இருந்தது. நான் நகர்ந்தேன்.

"எங்க போறீங்க?" என்றாள்.

"குடை..."

"அது கெடக்கட்டும்."

உட்கார வேண்டியவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி, ஏழு மாதமாக வீட்டுக்கூரையும் காரின் கூரையும் மட்டுமே பார்த்த முகத்தை மேலே தூக்கினாள். மழை அவள் நெற்றியில் விழுந்து, கோணிய வாயின் ஓரமாக வழிந்து இறங்கியது. சைக்கிள்காரர் மணி அடிக்கவில்லை. மாடி வீட்டுக்காரர் உள்ளே போகவில்லை. நான் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன்.