பிள்ளையாருக்கு வெயில்

பிரதீசின் பழைய அமெரிக்க மசில் கார், நகர நடுவிலுள்ள வியா மக்வேதா தெருவைத் தாண்டுமுன்னமே கொதித்து ஆவி கக்கும். தெர்மோஸ்டாற்றை மாற்றினான், தண்ணிப் பம்பை மாற்றினான். பலனில்லை.

"கண்ணூறுதான்," என்றாள் மனைவி நாகபூசணி. கார் வாங்கிய அன்று முன் கிறில்லில் கட்டிய பிள்ளையார் படத்தைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிய படமொன்றைக் கட்டினாள். கார் இன்னும் கெதியாகக் கொதித்தது.

அப்போதுதான் பிரதீசுக்கு விளங்கியது. றேடியேற்றருக்குப் போகிற காற்றைப் பிள்ளையார் மறித்துக்கொண்டிருக்கிறார். இதை நேரே சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது.

"இஞ்சாரப்பா, அவருக்கு வெயில் சுடும். உள்ளுக்கு இருக்கட்டுமே," என்றான் பணிவாக.

படம் உள்ளே போனது. கார் அந்தத் தெருவையும் தாண்டி, பொலிதேயாமா அரங்கு வரை கொதிக்காமல் ஓடியது.

"பாத்தியளே," என்றாள் நாகபூசணி. "இவ்வளவு நாளும் அவரை வெயிலிலை விட்டிருக்கிறியள். கோவிக்காமல் என்ன செய்வார்?"