நடுத் தரவைப் பள்ளிக்கூடம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலோரத்து மூன்றாம் மாடி. கீழே ரயில் போகும்போதெல்லாம் ஊர்ச்சங்கக் கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். ரயில் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்கும்.

செயலாளர் முத்துலிங்கத்தின் வீடு அது. யுத்த நிறுத்தம் வந்து, ஊருக்குப் பாதை திறந்த அடுத்த வருடம். அவர்கள் விட்டுவந்த தீவின் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு சரி. மேலே படிக்கிற பிள்ளைகள் நேவிக்காரனின் சோதனைக்கு நின்று, லோஞ்ச் என்கிற மோட்டார் படகில் கடல் கடந்து போக வேண்டும். மேல்வகுப்புக் கட்டடம் ஒன்றைச் சங்கம் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. எங்கே கட்டுவது என்பதில்தான் இழுபறி.

"கோயிலும் சனமும் கிழக்கு வட்டாரத்தில. பள்ளிக்கூடமும் அங்கதான்," என்றார் சுந்தரலிங்கம்.

"இறங்குதுறை உங்களுக்கு, தபாற்கந்தோர் உங்களுக்கு. மேற்கில இருக்கிற நாங்கள் நண்டு பிடிக்கிறதோ?" என்று துள்ளினார் ஸ்ரனிஸ்லாஸ்.

"பிடிச்ச ஆள்தானே! தெஹிவளையில வீடு வாங்கினவுடன மறந்துபோச்சோ?"

குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த றஞ்சிதம் சிரிக்கவில்லை. முத்துலிங்கத்தின் தங்கை அவள். முடிவைத் தன் காதால் கேட்டுப் போகவே தீவிலிருந்து வந்திருந்தாள். போன கார்த்திகையில், வாடைக்காற்றில், பிள்ளைகள் போன லோஞ்சின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனது. இருட்டும்வரை அலையில் கிடந்து வந்த அவள் மகள் சுகிர்தா, "செத்தாலும் இனி ஏறன்" என்று புத்தகப்பையைக் கொடியில் மாட்டிவிட்டாள். ஊரில் கட்டடம் எழும்பாவிட்டால் அவளுடைய படிப்பு அத்தோடு முடிந்தது.

முத்துலிங்கம் சண்டைக்கு ஆளில்லை. கடைசியில் அவரே எழுந்தார்.

"கிழக்கும் வேண்டாம், மேற்கும் வேண்டாம். நட்டநடுவில போடுவம். ரெண்டு பேருக்கும் ஒரே தூரம்."

எல்லோரும் கைதட்டினார்கள். சுந்தரலிங்கமும் ஸ்ரனிஸ்லாசும் கை குலுக்கினார்கள். முத்துலிங்கம் பூரித்துப்போய்க் குசினிக்கு ஓடினார்.

"தங்கச்சி, முடிவாப் போச்சு!"

"கேட்டனான். நடுவிலயெண்டா... தரவையிலயோ, அண்ணை?"

"ஓம். பரந்த வெளி. மாடுதானே மேயுது."

"நீங்கள் கடைசியா மாரிக்கு ஊரில நிண்டது எப்ப?"

அவருக்கு நினைவில்லை. பாதை திறந்த பிறகு ஒருமுறை ஆவணித் திருவிழாவுக்குப் போயிருந்தார். அப்போது தரவை காய்ந்து வெடித்துக் கிடந்தது.

"கார்த்திகையில அது தரவையில்லை, கடல். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவும் வள்ளந்தான் வேணும்."

முத்துலிங்கம் தொங்கிய முகத்தோடு திரும்பிப் போய் அதைச் சொன்னார்.

"இப்பதான் ஒற்றுமைப்பட்டிருக்கிறம். ரெண்டு மாத மழைக்காகக் குழப்பாதையும்," என்றார் சுந்தரலிங்கம்.

"ஓகோ, திரும்பக் கிழக்குக்கு இழுக்கப் பாக்கிறீரோ?" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

முத்துலிங்கம் வாயெடுத்தார். ரயில் வந்தது. அது போய் முடிந்தபோது, யார் கல் நாட்டுவது என்ற பேச்சு தொடங்கியிருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

றஞ்சிதம் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் பின்னால் போனார்.

"பிள்ளைக்கு என்ன சொல்லப் போறாய்?"

"மாமாமார் ஒற்றுமையாகிட்டினமெண்டு சொல்லுறன். பிறகு தையல் மெசினில இருத்திவிடுறன்."

"அப்பிடிச் சொல்லாதை, தங்கச்சி. பிழை என்னிலதான்."

"உங்களில மட்டுமில்லை, அண்ணை. இங்க இருக்கிற எல்லாற்ர பிள்ளையளும் கொழும்பில பஸ் ஏறிப் படிக்குதுகள். பள்ளிக்கூடத்துக்கு இடம் பாக்கேக்க, அதுக்கு நடந்து போகப்போற பிள்ளையைக் கேக்கோணும். வட்டாரத்தின்ர மானத்தைக் கேட்டா, பள்ளிக்கூடம் வரும். பிள்ளை வராது."

அவள் படியிறங்கினாள். உள்ளே, வருகிற ஆவணித் திருவிழாவோடு கல் நாட்டுவதென்று முடிவாகி, மறுபடியும் கைதட்டினார்கள்.